உப்பு பூக்கும் வேளை

தகுதி வழக்கு மூன்று என்று நன்னூல் வகுக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுவதை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தேன்' என்ற எடுத்துக்காட்டை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் கடைசி வரிசையில் சிரிப்பெழுகிறது. குழூஉக்குறி என்பது ஒரு தொழில் செய்வோர் தமக்குள் வழங்கும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்குப் பாடநூல் காட்டும் சான்று. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது முதல் வகைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொருளை. அதை நமக்கு விளக்கியதோ மூன்றாம் வகைச் சொல் ஒன்று. நீர் ஊற்றத் தேவையில்லாத சிறுநீர்க் கோப்பைகளின் உள்ளே இருக்கும் உதிரிப்பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பதே பொருள். இலக்கிய அன்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். சற்றுப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறோம். உப்பும் நெய்தலும் வழியில் வரும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கி வருபவர்கள் மரக்காணத்தை வெள்ளைக் குவியல்களால் அடையாளம் காண்பார்கள். சாலையோரத்தில் உப்பு அம்பாரங்கள்; அவற்றுக்கு அப்பால் கண்ணெட்டும் தொலைவு வரை பாத்திகள். காக்கிநாடாவிலிருந்து கடலையொட்டி வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூர்ப் பக்கம்தான் முடிவடைகிறது. அருகே கழுவெளி, 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுப் பட்டினமாக வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். சங்கப் பாடல்களில் உமணர் உப்பு வண்டிகளோடு நடந்துகொண்டே இருக்கிறார்கள். உப்பை நம்பிய வாழ்வு நெய்தல் நிலத்துக்குப் புதிதன்று. ஆனால் உப்பு நன்றாக விளையும் மண்ணில் நல்ல தண்ணீர் எளிதில் கிடைப்பதில்லை.

நாம் தமிழ் கற்பிக்கும் கல்லூரி இந்தக் கடற்கரை வட்டாரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் லாரியில் தண்ணீர் வரும். சிறுநீர்க் கோப்பையில் ஒரு முறை நீர் விட இரண்டு லிட்டர் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு நூறு பேர் பயன்படுத்தும் கோப்பைக்கு 200 லிட்டர் வேண்டும். பன்னிரண்டு கோப்பைகளுக்கு 2,400 லிட்டர். இந்தக் கணக்கைக் கருதி நிர்வாகம் சில ஆண்டுகளுக்கு முன் நீரில்லாக் கோப்பைகள் பன்னிரண்டைப் பொருத்தியது. திறப்பு விழாவும் நடந்தது. தமிழ்த்துறையின் சார்பில் நீரின் அருமையைப் பற்றிக் குறள் சொல்லி வாழ்த்துரை வழங்கினோம்.

இக்கோப்பைகள் இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. சாதாரணக் கோப்பையின் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று மேலே வராமல் மறிப்பது அந்த நீர்தான். நீரில்லாக் கோப்பையில் அந்தக் காவலை வேறொன்று ஏற்கிறது. எண்ணெய் முறையில், சிறுநீரைக் காட்டிலும் இலேசான ஒரு திரவம் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு கிண்ணத்துக்குள் மிதக்கும். சிறுநீர் அதை ஊடுருவிக் கீழே இறங்கும், காற்று மேலே ஏறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வியன்னாவில் வில்ஹெல்ம் பீட்ஸ் என்பவர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ரப்பர் முறையில், தட்டையான ஒரு மென்குழல் தொங்கும். நீர் வந்தால் அதன் உதடுகள் திறக்கும், போனதும் ஒட்டிக்கொள்ளும். பந்து முறையும் உண்டு. தில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் விஜயராகவன் சாரியார் உருவாக்கிய 'ஜீரோடர்', அடிக்கடி பொருள் வாங்கி மாற்றும் செலவைத் தவிர்க்கும் நோக்கத்தோடு வந்தது. நம் கல்லூரியில் பொருத்தியவை ரப்பர் வகையைச் சேர்ந்தவை.

எந்த முறையானாலும் எதிரி ஒன்றே. சிறுநீர் உடலைவிட்டு நீங்கும் கணத்தில் பெரிதாக மணப்பதில்லை. குழாய்ச் சுவரில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் யூரியேஸ் என்னும் நொதியால் அதிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. அதோடு நீர்மத்தின் தன்மையும் மாறுகிறது. புதிய சிறுநீரின் பி.எச். அளவு பெரும்பாலும் 6 அளவில் இருக்கும். யூரியா உடைந்தபின் 9ஐ எட்டிவிடும். அந்தக் காரநிலையில், கரைந்து கிடந்த பாஸ்பேட் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து படிகமாகிறது. மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் கூடிய படிகத்துக்கு ஸ்ட்ரூவைட் என்று பெயர். 1845ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டிய மண்ணில் இது கண்டெடுக்கப்பட்டது. அதே நகரத்தில்தான் 1669இல் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிப் பொன் தேடப்போய்ப் பாஸ்பரஸைக் கண்டடைந்தார். ரப்பரின் உதட்டில் வெள்ளையாகப் படிவது பார்வைக்கு உப்பு; சமையல் உப்பு அன்று. அது படிந்து தடித்தால் உதடுகள் மூடாது. மூடாத வழியே சாக்கடைக் காற்று வகுப்பறைக்கு வரும்.

வந்தது. பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்தையும் குறித்த சொல் என்று விளக்கிக்கொண்டிருந்த வகுப்பிலேயே, அச்சொல்லின் இன்றைய பொருள் சன்னல் வழியாக நுழைந்தது. கழிப்பிடம் தமிழ்த்துறைக்கு நேர் எதிரே.

அதைத் துப்புரவு செய்பவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபத்தைந்து ஆண்டுகள் அளத்தில் உழைத்தவர். பாதங்களில் உப்புப் புண் ஆறாமல் போனபின் ஒப்பந்த முறையில் இந்த வேலைக்கு வந்தவர். நாம் அவரை அண்ணன் என்றே அழைப்பது வழக்கம். அன்று அவர் கையுறை அணிந்து, ஒரு கோப்பையின் அடியிலிருந்து ரப்பர்க் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பூத்திருச்சு சார்" என்றார்.

உப்பு பூத்தல் என்ற தொடர் சுவருக்கும் மண்ணுக்கும் வழங்குவது. ரப்பருக்கு அவர் வழங்கியது அப்போதுதான் நம் காதில் விழுந்தது. "வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும்னு ஆபீஸ்ல சொல்றாங்களேண்ணே?" என்று கேட்டோம்.

"தேதியப் பாத்தா சார் உப்பு வாருவாங்க? பாத்தியப் பாத்துதான் வாருவாங்க."

இந்த மறுமொழியை நாம் பல நாள் சுமந்து திரிந்தோம். உப்பளத்தில் நடப்பது என்ன? கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட, அது 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கூடிக் கசப்பேறும். அப்படிப்பட்ட உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். ஆகவே அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இதை அளக்கக் கண்ணாடிக் கருவி இருக்கிறது. ஆனால் பாத்தியில் நிற்பவர்கள் நீரின் நிறத்தாலும், மேலே படரும் மெல்லிய ஏட்டாலும், உள்ளங்காலில் நெருடும் மணியின் பருமனாலும் அறிந்துகொள்கிறார்கள். காற்றடித்த வாரத்தில் ஒரு கணக்கு. மூட்டம் போட்ட வாரத்தில் வேறு கணக்கு. ஒரே நாளில் நீர் பாய்ச்சிய இரு பாத்திகள் ஒரே நாளில் விளைவதில்லை.

அண்ணன் அந்தப் பயிற்சியைத்தான் கழிப்பிடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் பார்க்கும் குறிகளைக் கேட்டு எழுதிக்கொண்டோம். முதலாவது, இறங்கும் வேகம். கோப்பையின் அடியில் சிறுநீர் தேங்கி நின்று மெல்ல வடிந்தால் உள்ளே அடைப்புத் தொடங்கிவிட்டது. இரண்டாவது, துடைத்தபின் வரும் மணம். கோப்பையைச் சோப்பு நீர் தெளித்துத் துடைத்ததும் மணம் நின்றுவிட்டால் குற்றம் மேற்பரப்பில்தான். துடைத்து அரைமணி கழிவதற்குள் திரும்ப வந்தால், அது உள்ளிருந்து வருகிறது. மூன்றாவது, கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது. உதடுகள் ஒட்டியிருந்தால் நலம். இடையே ஒரு நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் காவல் போயிற்று. நான்காவது, விரலால் தொட்டறிவது. படிந்த வெள்ளை, சோப்பு நீரில் ஊறி உதிர்ந்து, ரப்பர் பழைய மென்மையோடு மூடிக்கொண்டால் திரும்பப் பொருத்தலாம். ரப்பரே விறைத்திருந்தால், ஓரம் சுருண்டிருந்தால், எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஐந்தாவதாக அவர் சொன்னதைத் தனியே குறிக்க வேண்டும். புதிய குழலைப் போட்ட பின்னும் மணம் நிற்கவில்லையென்றால் கீழே உள்ள குழாயைப் பார்க்க வேண்டும். நீர் ஓடாத குழாயில் கூழ்போன்ற படிவு சேரும். உதிரிப்பாகத்தைக் கழற்றிய வேளையில் இரண்டு வாளி நீரை வேகமாக ஊற்றி அதைத் தள்ளிவிடாமல், பாகத்தை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கெடும். எண்ணெய் வகையில் நீர் ஊற்ற வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜை எடுத்த பின்னரே ஊற்ற வேண்டும். அது உள்ளே இருக்கும்போது வாளி நீரைக் கொட்டினால் எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. சிறுநீரின் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சுக் காற்று கிளம்பும். ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின். நாற்றம் போக்குவதற்காக இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. குனிந்து தேய்ப்பவரின் நுரையீரல்தான் முதலில் அதைச் சந்திக்கிறது.

இக்கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. சிறுநீரில் பாஸ்பேட்டும் அம்மோனியமும் தாராளமாக இருக்கின்றன, மக்னீசியம்தான் குறைவு. அந்தக் குறையே படிகம் அளவுகடந்து சேராமல் ஓரளவு தடுக்கிறது. கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியம் இருக்கிறது. கடல் கலந்த கிணற்று நீரை ஒரு குவளை கோப்பையில் ஊற்றினால், சுத்தம் செய்கிறோம் என்ற நினைப்பில், இல்லாத பண்டத்தை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உவர்நீர் ஊற்றிய கோப்பையில் சீக்கிரம் பூக்கும் என்று அண்ணன் சொன்னதற்கு வேதியியல் துறை நண்பர் தந்த விளக்கம் இது. எனவே நீரில்லாக் கோப்பையைப் பிடுங்கிவிட்டு உவர்நீரைப் பாய்ச்சலாம் என்ற யோசனையும் இங்கே தீர்வாகாது. அப்போதும் குழாய் பூக்கும்.

அலுவலகத்துக்கு இவையெல்லாம் தெரியாது. அதன் கோப்பில் ஆண்டுக்கொரு முறை கொள்முதல் என்று இருந்தது. பன்னிரண்டு கோப்பைக்குப் பன்னிரண்டு குழல். ஜூன் மாதம் வாங்கி, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. சிற்றுண்டிச் சாலையை ஒட்டிய கோப்பைகள் ஆகஸ்ட் மாதமே விறைத்துவிடும். நூலகத்தின் பின்னால் உள்ளவை அடுத்த ஜூனிலும் மெத்தென்று இருக்கும். அவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவார்கள். இடையில் நாற்றம் எழுந்தால் கூப்பிட்டு விசாரிக்கப்படுபவர் ஒருவரே. 'சரியாகக் கழுவுவதில்லை' என்று அவர் பேரில் இரண்டு முறை எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். மூன்றாவது முறை எழுதினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அந்த அச்சத்தில் அவர் தம் கைக்காசில் ஆசிட் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். ஆசிட் படிவைக் கரைத்தது. ரப்பரையும் சேர்த்துக் கெடுத்தது.

கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அது தொடாத ஓரிடம் இருக்கிறது. கழிப்பிடம் நாறினால் குற்றம் கழுவுகிறவருடையது என்று எல்லாரும் உடனே முடிவு செய்துவிடுகிறார்கள். அவர் அதைப் பற்றி ஏதாவது அறிந்திருக்கக் கூடும் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. பேராசிரியர்கள் கூடிய கூட்டத்தில் நீரில்லாக் கோப்பையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேநீர் கொண்டுவரச் சொல்வதற்காகத்தான் அழைத்தார்கள்.

அந்தப் பருவத்தில் நாம் செய்தது சிறிய வேலை. எழுதாத பக்கங்கள் மிஞ்சிய பழைய விடைத்தாள்களைத் தைத்து ஓர் ஏடாக்கினோம். கோப்பைகளுக்கு எண் கொடுத்தோம். அண்ணன் வாரந்தோறும் திங்கட்கிழமை காலையில் சொல்லச் சொல்ல, முதுகலை மாணவர் இருவர் எழுதினார்கள்: எண், இறங்கும் வேகம், மணம், வெளிச்சம், ரப்பரின் மென்மை. கடைசிக் கட்டத்தில் அவருடைய சொற்களையே அப்படியே எழுதும்படி கேட்டுக்கொண்டோம். 'நல்லாருக்கு', 'ஏடு கட்டுது', 'பூக்குது', 'பூத்திருச்சு', 'கல்லாயிருச்சு' என்று ஐந்து நிலைகள் அவரிடம் இருந்தன. ஏடு கட்டினால் கழுவலாம். பூத்தால் ஊறவைத்துக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து, முடிவு செய்யலாம். கல்லானால் எறியலாம். உற்பத்தியாளர் தரும் கையேடுகள் இத்தனை மாதம் என்றோ ஏழாயிரம் முறை என்றோ ஒரே எண்ணைத் தருவதுண்டு. நாளைவிட எண்ணிக்கை சரியான அளவுதான். ஆனாலும் அந்த எண், உவர்நீர் எது நன்னீர் எது என்று அறியாத எண். அண்ணனின் ஐந்து சொற்களுக்கு அது தெரியும்.

பருவத்தின் முடிவில் ஏட்டை நிர்வாகத்திடம் கொடுத்தோம். சிற்றுண்டிச் சாலையோரக் கோப்பை ஏழாம் வாரத்திலேயே கல்லானதும், நூலகத்தின் பின்னே இருப்பது பருவம் முழுதும் ஏடுகட்டும் நிலையைத் தாண்டாததும் வரிசையாக எழுதியிருந்தன. மொத்தத்தில் வாங்க வேண்டிய குழல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவுமில்லை. முதல்வர் படித்துப் பார்த்தார். "இவ்வளவு விவரம் தெரிந்தவரா?" என்று கேட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஆறு குழல்களை முன்கூட்டியே வாங்கிவைக்கவும் உத்தரவாயிற்று. அவற்றை வைத்த அலமாரியின் சாவி மட்டும் இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. எடுக்க மூன்று கையொப்பங்கள் வேண்டும்.

பராமரிப்பின் இந்தக் கதை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. சிகாகோ நகர மன்றக் கட்டடத்தில் பொருத்திய நீரில்லாக் கோப்பைகளை 2010இல் அகற்ற நேர்ந்தது. நீர் கலக்காத சிறுநீர் அங்கிருந்த செப்புக் குழாய்களை அரித்துவிட்டது. மறுபுறம், திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறியில் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் 2006இல் அமைத்த சமுதாயக் கழிப்பிடத்தில் சிறுநீரைத் தனியே சேர்த்தார்கள். பயன்படுத்த வருவோருக்கு அவர்களே காசு கொடுத்த செய்தி அந்நாளில் பலரையும் வியக்கவைத்தது. சேர்த்த சிறுநீர் பயிருக்கு உரமாயிற்று. நேபாளத்தில் சித்திப்பூர் என்னும் ஊரில் சிறுநீரோடு மக்னீசியத்தைச் சேர்த்து ஸ்ட்ரூவைட்டை வேண்டுமென்றே படியவைத்து எருவாக்கிப் பார்த்தார்கள். மக்னீசியத்துக்கு ஏற்ற பண்டங்களுள் ஒன்று, உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீர். மரக்காணத்துப் பாத்திகளிலிருந்து வடித்து விடுகிறார்களே, அதே நீர். குழாயில் பகையாக இருப்பது வயலுக்கு உரமாகலாம். அதற்கும் எப்போது வடிப்பது, எப்போது அள்ளுவது என்று அறிந்த கைகள் வேண்டும். அக்கைகள் இக்கரையில் ஏராளமாக உள்ளன.

ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறோம். அண்ணனின் மனைவி இன்னும் அளத்துக்குப் போகிறார். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டுமென்பதால் விடியுமுன்பே கிளம்புகிறார்கள். வெட்டவெளி, ஒதுங்க ஒரு புதரும் இல்லை. ஆகவே கிளம்பும்போது தண்ணீர் குடிப்பதில்லை, வேலை முடியும் வரையும் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று என்று மருத்துவர் இருமுறை மருந்து எழுதிக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கும்படி அறிவுரையும் சொல்லியிருக்கிறார். நீரில்லாக் கோப்பைகள் பெரும்பாலும் ஆண்களை நினைத்தே செய்யப்படுகின்றன. உப்பளத்து வரப்பில் அவையும் இல்லை, வேறெதுவும் இல்லை. "இங்க பன்னெண்டு இருக்கு, எதை மாத்தணும்னு நோட்டுப் போட்டுப் பாக்குறோம். அங்க ஒண்ணு இருந்தா நானே போய்ப் பாத்துக்குவேன் சார்" என்றார் அண்ணன். திங்கட்கிழமை ஏட்டில் இந்த வாக்கியத்துக்குக் கட்டம் இல்லை. மாணவர்கள் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.